மனைவியின் பென்ஷனில் கணவனுக்கும் உரிமை உண்டு

மாத்தளை பிரதான வீதியில் கடை வைத்திருக்கும் எம்மில் பலரது வீட்டில் அரசாங்க சம்பளம் எடுப்பவர் மனைவிதான். உக்குவளை, வரக்காமுறை, ரைத்தலாவளை, கலேவெல என்று எந்த ஊரை எடுத்தாலும் கணவன் வியாபாரி, மனைவி ஆசிரியை என்ற குடும்பங்களைக் காணலாம். மிளகு, கராம்பு விலை விழும் மாதங்களில் வீட்டு அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான் என்பதை நாம் வெளியில் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கடை முதலாளியின் மனைவி இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் படிப்பித்துவிட்டு, சேவையில் இருக்கும்போதே மௌத்தானார். ஜனாஸா முடிந்து கத்தமும் ஓதியாயிற்று. இரண்டு வருடம் கழித்து வேறொரு விடயமாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், மனைவியின் ஓய்வூதியம் தனக்கும் கிடைக்கும் என்பதே அவருக்குத் தெரியவந்தது. "பென்ஷன் விதவைக்குத்தானே, ஆம்பிளைக்கு என்ன பென்ஷன்" என்று என்னிடமே கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் ஆங்கிலேயர் காலத்தில், 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வந்தது. அப்போது அரசாங்க உத்தியோகத்தர் என்றால் ஆண்தான். பெண் உத்தியோகத்தரின் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் வழி செய்தது 1983 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம். தபுதாரர் என்று அரசாங்கப் படிவங்களில் போடுவது மனைவியை இழந்த கணவனைத்தான். இதற்கான பங்களிப்பு மாதாமாதம் சம்பளத்திலேயே கழிக்கப்படுகிறது. ஆகவே இது தருமம் அல்ல, கட்டிய காசுக்கு வரும் உரிமை. மனைவியின் சம்பளச் சீட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தக் கழிவும், அவருக்குரிய விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பதிவு இலக்கமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாளியின் கதைக்கு வருகிறேன். உரிமை இருப்பது தெரிந்த பிறகும் அவருக்குக் காசு உடனே வரவில்லை. நிக்காஹ் பதிவில் மனைவியின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, நியமனக் கடிதத்தில் மூன்றாவது மாதிரி. 'சித்தி' ஓரிடத்தில் இருக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை. வாப்பாவின் பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரிடம் உறுதி வாங்கி, பிரதேச செயலகத்துக்கும் மனைவி வேலை செய்த அலுவலகத்துக்கும் நடந்து கடை பூட்டிய நாட்களை எண்ணிப் பார்த்தால் அதுவே ஒரு சின்ன நட்டக் கணக்கு.

இதைவிடப் பெரிய சிக்கல் பதிவே இல்லாத நிக்காஹ். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதியாத காரணத்தால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாமல் போகாது. இதை நம்பித்தான் சிலர் பதிவை நாளை, நாளை என்று தள்ளுகிறார்கள். நிக்காஹ் செல்லும் என்பது வேறு, அதை ஓய்வூதியத் திணைக்களத்துக்கு நிரூபிப்பது வேறு. சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் முப்பது வருடத்துக்குப் பிறகு உயிரோடு இருப்பார்களா? பதியாதவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போதே பதிந்துகொள்வதுதான் புத்தி. விவாகரத்தாகி மறுமணம் செய்தவர்கள் காதி நீதிமன்றத்தின் பத்திரங்களையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

கணவன் உத்தியோகத்தராக இருந்து மௌத்தானால் இன்னொரு தாமதம் வருகிறது. நாம் ஜனாஸாவைச் சில மணி நேரத்தில் அடக்கிவிடுகிறோம், மரணப் பதிவைப் பிறகு பார்ப்போம் என்று விடுகிறோம். மனைவி இத்தாவில் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டில் இருப்பதால் ஒருவரும் அலுவலகப் பக்கம் போவதில்லை. மரணப் பத்திரம் எடுப்பதையும், பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் அறிவிப்பதையும் மகனோ சகோதரனோ அந்த நாட்களிலேயே செய்யலாம். மௌத்தானவர் ஏற்கெனவே பென்ஷன் எடுத்துக்கொண்டிருந்தவர் என்றால் அறிவிப்பது இன்னும் அவசரம். மரணத்துக்குப் பிறகும் கணக்கில் விழும் காசு எமதல்ல. அதை எடுத்துச் செலவழித்தால் திருப்பிக் கட்ட வேண்டி வரும், மார்க்கத்திலும் அது ஹலால் இல்லை.

பங்கு பிரிக்கும்போது வரும் ஒரு தகராறையும் சொல்ல வேண்டும். 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமில்லா உரிமைச் சட்டம் எமது வாரிசுப் பங்குகளை ஏற்றுக்கொள்கிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, கணவனுக்கு நான்கில் ஒன்று. ஆனால் மாதாமாதம் வரும் ஓய்வூதியம் மௌத்தானவர் விட்டுச் சென்ற சொத்தல்ல. சட்டம் அதைத் துணைக்கும், உரிய வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் நேரே கொடுக்கிறது. மௌத்தானவரின் சகோதரர்கள் அதில் பங்கு கேட்க வழியில்லை. கேட்டுச் சண்டை பிடித்த குடும்பத்தையும் நான் கண்டிருக்கிறேன்.

சரி, வியாபாரிக்கு என்ன இருக்கிறது? அரசாங்க பென்ஷன் எமக்கு இல்லை. சுயதொழில் செய்பவர்களுக்காக 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டிப் பிற்காலத்தில் ஓய்வூதியம் எடுக்கும் திட்டம் அது. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். பெரிய தொகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சேர்வதற்கு முன் கட்டும் தொகையையும் வரும் தொகையையும் கடைக் கணக்குப் போலவே போட்டுப் பாருங்கள்.

எமது கடைப் பொடியன்களின் விடயம்தான் எனக்கு மனதை உறுத்துகிறது. அவர்களுக்குப் பென்ஷன் இல்லை, ஊழியர் சேமலாப நிதி ஒன்றுதான். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, முதலாளி 12 வீதம் போட வேண்டும். அதோடு 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதுவும் முதலாளியின் கையால். சேமலாப நிதிக் காசு பிந்தினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும், கட்டாமலே விட்டால் மஜிஸ்திரேட் நீதிமன்றம் வரை போகும். அந்த நிதிக்கு வட்டி வருகிறது, ஆகவே கட்டமாட்டேன் என்று சில முதலாளிமார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வட்டியைப் பற்றி அந்த ஊழியர் ஒரு ஆலிமிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். முதலாளி தன் 12 வீதத்தைக் கையில் வைத்துக்கொள்வதற்கு அது எப்படிக் காரணமாகும்?

நிதியில் சேர்த்த ஊழியர்களிடமும் ஒன்று கேளுங்கள்: பின்னுரித்தாளியாக யாரைப் போட்டிருக்கிறாய்? பதினெட்டு வயதில் கடைக்கு வந்தபோது உம்மாவின் பெயரைக் கொடுத்தவர், நாற்பது வயதில் மூன்று பிள்ளைகளுக்கு வாப்பாவான பின்னும் அதை மாற்றியிருக்கமாட்டார். மௌத்துக்குப் பின் யாருடைய கையில் காசு போகும், மார்க்கப்படி அதை எப்படிப் பிரிப்பது என்று உயிரோடு இருக்கும்போதே உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

முதலாளிக்கு இப்போது பென்ஷன் வருகிறது. அவரது மேசை லாச்சியில் ஒரு பைல் இருக்கிறது. நிக்காஹ் பதிவு, மரணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், மனைவியின் நியமனக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று பிரதிகள். மகளும் இப்போது ஆசிரியை. அவளுக்கும் ஒரு பைல் போட்டு, மருமகனின் கையில் கொடுத்திருக்கிறார்.