பயணக் கணக்கில் நோய்க்கும் ஓர் இடம்

எமது திருகோணமலை மாவட்டத்தில் ஒருவர் வெளிநாடு போக ஆயத்தமாகும்போது வீட்டிலே ஒரு கணக்குப் போடப்படுகிறது. கடவுச்சீட்டுக்கு இவ்வளவு, முகவருக்கு இவ்வளவு, பயணப் பைக்கும் உடுப்புக்கும் இவ்வளவு, அடகு வைத்த நகைக்கு மாத வட்டி இவ்வளவு. எழுத்துத் தெரிந்த பிள்ளை கொப்பியில் எழுத, தாயும் தகப்பனும் கூட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் பெரும்பாலும் ஒரு வரி இருப்பதில்லை. போன இடத்தில் நோய் வந்தால் யார் பணம் கொடுப்பது என்ற வரி அது. இந்தப் பாடத்தில் அந்த ஒரு வரியை நாம் சேர்ந்து எழுதிப் பார்ப்போம்.

1. இந்தக் கேள்வி எமக்கு ஏன் புதிது?

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணம் 1951 இல் நீக்கப்பட்டது. அதன் பின் பிறந்தவர்கள் மூதூரிலோ கிண்ணியாவிலோ கந்தளாயிலோ வைத்தியசாலை வாசலில் பணம் கட்டிவிட்டு உள்ளே போவது பெரும்பாலும் இருந்ததில்லை. 2006 இல் சம்பூரையும் மூதூர் கிழக்கையும் விட்டு ஓடி, முகாம்களில் இருந்த காலத்திலும் இது மாறவில்லை. எமக்குச் செலவு வந்தது வான் கூலியிலும், நோயாளியோடு நிற்பவரின் சாப்பாட்டிலும், வெளியே வாங்கச் சொன்ன மருந்திலும்தான்.

ஆகவே வைத்தியம் என்பது கிணற்றுத் தண்ணீர் போல எப்போதும் இருக்கும் என்றே நாம் பழகிவிட்டோம். பல நாடுகளில் அப்படி இல்லை. காப்புறுதி அட்டை இருந்தால் ஒரு கதவு, இல்லாவிட்டால் வேறு கதவு.

சம்பூர் மக்கள் தம் காணிக்குத் திரும்பியது 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான். பத்துப் போகத்துக்கு மேல் இழந்த குடும்பங்கள் கடனோடுதான் திரும்பின. 2022 பொருளாதார நெருக்கடி அந்தக் கடனை இன்னும் ஏற்றியது. அந்த ஆண்டில் மாத்திரம் நாடெங்கிலுமிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழிலுக்காக வெளிநாடு சென்றனர். கடனை அடைக்கப் போகிறவர் நோயினால் புதுக் கடன் படுவாரானால், போன பயணத்தின் பயன் என்ன?

2. நாட்டுக்கு நாடு முறை வேறு

ஐக்கிய அரபு இராச்சியம்: அபுதாபியிலும் டுபாயிலும் காப்புறுதி முன்னரே கட்டாயமாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மற்றைய பகுதிகளிலும் தனியார் தொழிலாளருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. தவணைப்பணத்தை முதலாளியே கட்டவேண்டும். சம்பளத்தில் வெட்ட முடியாது. வதிவிட அனுமதி பெறுவதற்கே இது நிபந்தனையாகும்.

சவூதி அரேபியா: தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு நிறுவனமே காப்புறுதி எடுக்கவேண்டும். வீட்டுப் பணியாளர் நிலை வேறு. 2024 ஜூலை 1 முதல் வந்த கட்டாயம், நான்கு பேருக்கு மேல் வீட்டுப் பணியாளர் வைத்திருக்கும் முதலாளிகளுக்கே உரியது. ஒரு வீட்டில் தனியாக வேலைக்குப் போகும் எமது சகோதரி, தனக்கு என்ன காப்பு உண்டு என்பதைக் கையொப்பமிட முன்னரே கேட்கவேண்டும்.

தென் கொரியா: அரசாங்க ஒப்பந்த முறையில் போகும் தொழிலாளரும் தேசிய சுகாதாரக் காப்புறுதியில் சேர்க்கப்படுகிறார்கள். தவணைப்பணத்தில் பாதியை முதலாளி கட்ட, மற்றப் பாதி தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கப்படுகிறது. அந்தப் பாதி சம்பளத்தில் ஏறக்குறைய 3.5 சதவீதம். முகவர் சொல்லும் சம்பளம் முழுவதும் கைக்கு வராது என்பதை இதிலிருந்து அறியலாம்.

பிரித்தானியா: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதார மேலதிகக் கட்டணம் முழுவதையும் முற்பணமாகக் கட்டவேண்டும். 2024 பெப்ரவரியில் இது வளர்ந்தவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுணாகவும், 18 வயதுக்குக் குறைந்தோருக்கும் மாணவருக்கும் 776 பவுணாகவும் உயர்த்தப்பட்டது. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் மூன்று ஆண்டுக்குப் போவதானால் 10,866 பவுண். விசாக் கட்டணம் இதற்குப் புறம்பு. சுகாதார, பராமரிப்புத் தொழில் விசாவில் போவோருக்கு இக்கட்டணம் இல்லை.

கனடா: பிள்ளைகளிடம் நீண்டகாலம் தங்கப் போகும் பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்கு, குறைந்தது ஓராண்டுக்கு 1 இலட்சம் கனேடிய டொலர் பெறுமதியான தனியார் மருத்துவக் காப்புறுதி வேண்டும். வயது கூடக் கூடத் தவணைப்பணமும் கூடும். முன்னரே இருந்த நோயை ஏற்காத திட்டங்களும் உண்டு.

3. தாளில் பார்க்கவேண்டிய ஐந்து

எந்த நாடானாலும் கேட்கவேண்டியவை ஐந்து.

அ. தவணைப்பணத்தை யார் கட்டுகிறார்?
ஆ. எந்த நாளிலிருந்து காப்பு ஆரம்பிக்கிறது?
இ. முன்னரே இருந்த நோய், பல், கண், பிரசவம் ஆகியவை சேருமா?
ஈ. ஒவ்வொரு முறையும் எமது பங்காக எவ்வளவு கொடுக்கவேண்டும்?
உ. அட்டை யாருடைய கையில் இருக்கும்?

ஐந்தாவது கேள்வியைச் சிறிதாக எண்ணவேண்டாம். வீட்டு எசமானியின் அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் அட்டையால் நோயாளிக்குப் பயனில்லை. அட்டையின் படமொன்றைத் தொலைபேசியில் எடுத்து ஊருக்கும் அனுப்பி வைக்கவேண்டும்.

இன்னொன்று. 1985 இல் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து போவோருக்கு ஒரு காப்புறுதி உண்டு. அது மரணம், உடல் ஊனம் போன்ற பெரும் இழப்புகளை நோக்கியது. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போகும் செலவுக்கானது அல்ல. பதிவு செய்யாமல், சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறவருக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை.

4. ஒரு மாதிரிக் கணக்கு

ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒரு நிறுவனத்தில் 1,200 திர்ஹம் சம்பளத்துக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பிரஷர் உண்டு. 2025 இல் அறிமுகமான அடிப்படைத் திட்டத்தில், தங்காமல் பெறும் வைத்தியத்துக்கு நோயாளியின் பங்கு 25 சதவீதம், மருந்துக்கு 30 சதவீதம். மருந்து விலையையும் வைத்தியர் கட்டணத்தையும் நாம் உதாரணத்துக்காகவே வைத்துக்கொள்கிறோம்.

மருந்து மாதம் 80 திர்ஹம் என்றால் அவர் பங்கு 24, ஆண்டுக்கு 288.
வைத்தியரிடம் மூன்று முறை, தடவைக்கு 200 என்றால் அவர் பங்கு 50, ஆண்டுக்கு 150.
காப்புறுதியில் சேராத பல் வைத்தியம் ஒரு தடவை 300.

மொத்தம் 738 திர்ஹம். மாதத்துக்கு ஏறக்குறைய 62.

இது சிறிய பகுதிதான். பெரிய பகுதி இழக்கும் சம்பளம். அந்நாட்டுத் தொழிற் சட்டப்படி, பரீட்சார்த்த காலம் முடிந்த தொழிலாளிக்கு நோய் விடுமுறையில் முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் அரைச் சம்பளம், அதற்கு மேல் சம்பளம் இல்லை. 45 நாள் படுத்தால் 600 திர்ஹம் குறையும். ஆறு மாதம் வரை நீளக்கூடிய பரீட்சார்த்த காலத்தில் சம்பளத்துடன் நோய் விடுமுறை இல்லை. அப்போது 45 நாள் படுத்தால் இழப்பு 1,800. வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம்: ஆண்டுக்கு 30 நாள், அதில் முதல் 15 நாளுக்கே சம்பளம்.

அங்கே சம்பளம் நின்றாலும் இங்கே வட்டி நிற்காது. நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு எடுத்த ஒரு இலட்சம் ரூபா மாதம் 5,000 ரூபா கேட்கும். இரண்டு மாதம் பணம் வராவிட்டால் அடகு நகை ஏலத்துக்குப் போகலாம்.

ஆகவே எமது ஆலோசனை இது. முதல் ஆறு மாதமும் மாதம் 200 திர்ஹமைத் தொடாமல் வைக்கவேண்டும். ஆறாம் மாத முடிவில் 1,200, அதாவது ஒரு மாதச் சம்பளம், கையில் நிற்கும். பின்னர் மாதம் 62 ஐ ஒதுக்கினால் போதும். இதை வீட்டார் முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். "முதல் மாதமே முழுக்க அனுப்பு" என்று கேட்கும் குடும்பம், விதைநெல்லையும் குத்திச் சாப்பிடும் குடும்பத்தைப் போன்றது.

5. போக முன் செய்யக்கூடியவை

முதலாவதாக, மருத்துவச் சோதனையை முடித்த பின்னரே நகையை அடகு வையுங்கள். வளைகுடா நாடுகளுக்கான சோதனையில் நெஞ்சு எக்ஸ்-கதிரும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. கயரோகம், ஈரல் அழற்சி போன்றவை கண்டால் பயணம் நின்றுவிடும். முகவரிடம் கொடுத்த பணம் எளிதில் திரும்பாது.

இரண்டாவதாக, பல்லையும் கண்ணையும் இங்கே அரசாங்க வைத்தியசாலையில் காட்டிச் சரிசெய்யுங்கள். அங்கே அதிக செலவு தருவது இங்கே இலவசம்.

மூன்றாவதாக, கிளினிக் கொப்பியின் பிரதியையும் வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தையும் கொண்டுபோங்கள். டிரமடோல், கோடீன் போன்ற வலி மருந்துகளை அனுமதியின்றி அரபு நாடுகளுக்குக் கொண்டுபோவது குற்றமாகலாம். கடையில் வாங்கிய குளிசையைப் பெயர் பார்க்காமல் பையில் போடவேண்டாம்.

நான்காவதாக, வீட்டில் நிற்போருக்கும் ஒரு தொகை எழுதுங்கள். அங்குள்ள காப்புறுதி போனவருக்கு மாத்திரமே. சீனி வருத்தமுள்ள தாயைக் கிளினிக்குக் கொண்டுபோகும் முச்சக்கர வண்டிக் கூலி இங்கேதான் வேண்டும்.

ஐந்தாவதாக, ஒப்பந்தம் விளங்காவிட்டால் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்திலிருந்து போனவர்களில் யாராவது அங்கே நோயுற்றார்களா? அந்தச் செலவை யார் ஏற்றார்கள்?
2. போக இருப்பவரின் ஒப்பந்தத்தை எடுத்து, மேலே சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். எதற்கு விடை இல்லை?
3. முதல் ஆறு மாதம் குறைவான பணத்தோடு வீட்டை நடத்த முடியுமா? எந்தச் செலவைப் பிற்போடலாம்?
4. போனவர் நோயுற்ற மாதத்தில் அடகு வட்டியை மாத்திரம் கட்டிக் கொடுக்க, எமது மாதர் சங்கம் ஒரு சிறு நிதி தொடங்க முடியுமா?

நான்காவது கேள்விக்கு ஒரு சங்கமாவது ஆம் என்று சொன்னால், இந்தப் பாடம் வீணாகவில்லை.