ஆற்றில் வாழா நட்சத்திர மீன்

பாபநாசத்துக் குடமுருட்டியில் நண்டுண்டு, நத்தையுண்டு. நட்சத்திர மீன் மாத்திரம் இல்லை. காரணம் யாதென ஆராய்வோம். பெயரால் மீனாயினும் அது மீனன்று. கடல் முள்ளெலி, கடல் அட்டை ஆகியவற்றோடு முட்தோலிகள் என்னும் இனத்தைச் சேர்ந்தது. இவற்றின் உடற்குழாய்களில் ஓடுவது பெரும்பாலும் கடல்நீரே. அதன் விசையாலேயே நுண்ணிய குழற்கால்களை நீட்டி ஊர்கின்றன. உப்பின் அளவைச் சீர்செய்யும் உறுப்பு இவற்றிற்கு இன்மையால், நன்னீரில் மாளும்.

மன்னார் வளைகுடாவில் வாழும் கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருளை உண்டு, மணலை வெளிவிடுகின்றது. நம் வயலில் மண்புழு செய்யும் தொண்டு போன்றதே இது. அளவின்றிப் பிடிக்கப்பட்டமையால், 2001-ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனைப் பிடிப்பதைத் தடைசெய்தது. அதனை நம்பியிருந்த கடற்றொழிலாளர் வருவாய் இழந்தனர். ஆயினும், 1988-லேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அதன் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து வளர்த்துள்ளனர். அட்டையும் அழியாது, தொழிலாளரும் வாடாது வாழும் வழியை நாடுதல் கற்றோராகிய நம் கடனன்றோ?