வீட்டுப் பேற்றுக்கு ஏற்ற மருத்துவச்சி யார்?

கியா பார்மில் வாழும் ஒரு தாய்க்கு நள்ளிரவில் இடுப்புவலி காண்கிறது என வைத்துக்கொள்வோம். வெளியே பனிமூட்டம், மழையும் பெய்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள அவ்வூரிலிருந்து, வளைந்து இறங்கும் சாலையில் பிரிஞ்சாங்கைக் கடந்தே தானா ராத்தா மருத்துவமனையை அடைய வேண்டும். நிபுணர்கள் நிறைந்த பெரிய மருத்துவமனை தேவைப்படின் மலையை விட்டே இறங்க நேரிடலாம். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குச் செல்லும் பழைய சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வேளையில் அத்தாயின் அருகில் இருப்பவர் யார் என்பதே இரண்டு உயிர்களின் கதியைத் தீர்மானிக்கக்கூடும்.

இது தேயிலை மலைக்கு மட்டும் உரிய கேள்வியன்று. பெருஞ்சாலையிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே அமைந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழும் நமக்கும் உரியதே. நம் நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனைகளிலேயே பிறக்கின்றன. அதுவே பாதுகாப்பானது என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. எனினும், வீட்டிலேயே பெற்றெடுக்க விரும்புவோரும் நம்மிடையே உண்டு. அத்தகையோர் மருத்துவச்சியைத் தெரிந்தெடுக்கும் முறையை அறிந்திருத்தல் அவசியம்.

மருத்துவச்சிகள் வளர்ந்த வரலாறு

நம் முன்னோர் காலத்தில் தோட்டத்துப் பேறுகள் பெரும்பாலும் லயத்து வீடுகளிலேயே நிகழ்ந்தன. அனுபவமுள்ள மூதாட்டி ஒருவரே மருத்துவச்சி. மலாய்க் கிராமங்களில் அவரைப் போன்றவரைப் ‘பிடான் கம்போங்’ என்பர். அவர்களுடைய கைத்திறனையும் பரிவையும் நாம் குறைத்துக் கூறலாகாது. ஆயின் கிருமி, இரத்த அழுத்தம் முதலியவற்றை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்ததாலும், அறுத்த இடத்தில் சாம்பல் போன்றவற்றை வைத்ததாலும் ரணஜன்னி கண்டு மாண்ட சிசுக்கள் பல.

1950களில் நம் நாட்டில் கிராமச் சுகாதாரச் சேவை தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் கிராமந்தோறும் அமர்த்தப்பட்டனர். 1966இல் நிறைவேறிய மருத்துவச்சிகள் சட்டம், இத்தொழிலைச் செய்வோர் பதிவு பெறுவதைக் கட்டாயமாக்கியது. பழைய மருத்துவச்சிகளுக்கும் தூய்மை பற்றிய பயிற்சி அளிக்கப்பட்டது. விளைவு என்ன? 1957இல் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தனர். 1990களில் அத்தொகை 50க்கும் கீழே இறங்கிற்று. இலங்கையும் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, மருத்துவமாதர்களை வீடுதோறும் அனுப்பி இத்தகைய வெற்றியைக் கண்டது. உலக வங்கி 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விரு நாடுகளையும் பிற நாடுகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறியது.

யார் யார், எவ்வப்பணி?

இன்று பேறு தொடர்பாக நாம் காணக்கூடியவர்கள் நால்வகையினர்.

முதலாமவர், மருத்துவச்சிப் பயிற்சியும் பதிவும் பெற்ற தாதி. பேற்றை நடத்தவும், ஆபத்தின் அறிகுறியை உணர்ந்து முதலுதவி செய்யவும் வல்லவர் இவர்.

இரண்டாமவர், கிராம மருந்தகத்தில் பணிபுரியும் சமூகத் தாதி. கருவுற்ற நாள் முதல் தாயைச் சோதித்து, பேற்றுக்குப் பின்னும் வீடு தேடி வந்து கவனிப்பவர் இவரே.

மூன்றாமவர், வழிவழி வந்த மருத்துவச்சிப் பாட்டி. பேற்றுக்குப் பின் எண்ணெய் தேய்த்தல், பத்திய உணவு, ஆறுதல் மொழி ஆகியவற்றில் இவருக்கு இணையில்லை. ஆனால் பேற்றைத் தனித்து நடத்தும் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தல் தகாது.

நான்காமவர், அண்மைக் காலத்தில் நகரங்களில் பேசப்படும் ‘டூலா’ எனும் பேற்றுத் துணைவர். தாய்க்குத் துணிவூட்டுவதே இவர் வேலை. இவர் மருத்துவச்சி அல்லர்.

வீட்டுப் பேறு யாருக்கு ஆகாது?

தகுதியுள்ள மருத்துவச்சி கிடைத்தாலும் எல்லாத் தாய்மாரும் வீட்டில் பெறலாகாது. முதற்பேறு, ஆறாவதும் அதற்கு மேற்பட்டதுமான பேறு, இரட்டைக் கரு, குழந்தை தலைகீழாக அமையாத நிலை, முன்பு அறுவை மூலம் பெற்றிருத்தல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கடுஞ்சோகை ஆகியவை இருப்பின் மருத்துவமனையே இடம். நம் நாட்டு மருந்தகங்களில் கருவுற்றோரின் குறிப்பேட்டில் வண்ணக் குறியிடும் வழக்கம் உண்டு. உம் குறிப்பேட்டில் இடப்பட்ட வண்ணம் எதைக் குறிக்கிறது எனத் தாதியிடம் கேட்டறிக. சிவப்பாயின் உடனடியாக மருத்துவமனை செல்ல வேண்டும் என்பது பொருள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

மருத்துவச்சியை வலி கண்ட பின் தேடாதீர். ஏழாம் மாதத்திற்குள்ளாகவே கணவனும் மனைவியும் அவரைக் கண்டு, தயங்காமல் பின்வருமாறு வினவுக.

1. நீங்கள் பதிவு பெற்றவரா? நடப்பாண்டுக்குரிய தொழில் சான்றிதழைக் காட்ட இயலுமா?

2. பேற்றுக்குப் பின் இரத்தம் மிகுதியாகப் போனால் என்ன செய்வீர்கள்? அதற்கான ஊசிமருந்து உங்களிடம் உள்ளதா?

3. குழந்தை மூச்சுவிடாமல் பிறந்தால், அதற்கு மூச்சூட்டும் கருவியும் பயிற்சியும் உண்டா?

4. எந்த நிலையில் என்னை மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? என்னுடன் வருவீர்களா?

இவற்றுள் நான்காவது வினாவே தலையாயது. “என் கையில் எந்தப் பேறும் தவறியதில்லை, மருத்துவமனை எதற்கு?” என்று கூறுபவரை விட்டு விலகுக. “இன்ன அறிகுறி தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதியேன்” என்று வரிசையாகச் சொல்பவரே நம்பத் தக்கவர். பேற்றுக்குப் பிந்திய இரத்தப்போக்கு, திடமான தாயையும் இரண்டொரு மணி நேரத்தில் மாய்க்கவல்லது. மலைச் சாலையிலோ தோட்டத்துப் பாதையிலோ செல்லும் நேரத்தையும் அதனுள் கழித்துப் பாருங்கள். எஞ்சுவது மிகச் சிறிதே. ஆகவே தன் திறமையின் எல்லையையும் மருத்துவமனையின் தூரத்தையும் ஒருங்கே அறிந்தவரே ஏற்ற மருத்துவச்சி. மருத்துவமனைக்குச் செல்ல இரண்டு மணி நேரமாகும் வீட்டில் எத்துணைத் திறமையுள்ளவரும் கைகட்டி நிற்க நேரும். அங்குள்ள தாய், நாள் நெருங்குமுன்பே மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டில் தங்குவதே அறிவுடைமை.

வீட்டார் செய்ய வேண்டியவை

வண்டி ஓட்டக்கூடிய இருவரிடம் முன்னரே சொல்லி வையுங்கள். ஒருவர் இல்லாவிடில் மற்றவர் உதவுவார். மருந்தகத்தின் தொலைபேசி எண்ணையும், அவசர எண்ணாகிய 999ஐயும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கடுந்தலைவலி, கண் மங்கல், வலிப்பு, பேற்றுக்கு முன் இரத்தப்போக்கு, பச்சை நிறமான பனிக்குட நீர், பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் நீளும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், மாமியாரின் சம்மதத்திற்கோ நல்ல நேரத்திற்கோ காத்திராமல் புறப்படுங்கள்.

இன்னொன்றும் மறக்கலாகாது. வீட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை 60 நாள்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். பேற்றை நடத்திய மருத்துவச்சியின் உறுதிமொழி அங்குப் பெரிதும் உதவும். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இன்றித் தோட்டங்களில் அல்லலுற்றோர் பலரை நாம் அறிவோம். பதிவு பெற்ற மருத்துவச்சியை அமர்த்துவதால் இத்துயரையும் தவிர்க்கலாம்.

பாட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. அவர் தாயின் தலைமாட்டில் அமர்ந்து கையைப் பற்றிக்கொள்ளட்டும்; பின்னர்க் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கட்டும். குழந்தையை ஏந்தும் கை மட்டும் பயிற்சி பெற்ற கையாக இருக்கட்டும். பெற்றவளும் பிள்ளையும் நலமே வீடு நிறைதலைவிடப் பெரும்பேறு வேறென்ன உண்டு?