பில் பத்திரமா இருக்கா?

பிராசஸரை மாற்றினால், அதைக் குளிர்விக்கும் கூலரும் சில நேரம் தண்டச் செலவாகிவிடும். மதர்போர்டில் அதைப் பொருத்தும் துளைகளின் இடைவெளி மாறிவிடுவதே காரணம். 2021-ல் பிராசஸரைப் பொருத்தும் இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் வந்தபோதும் இதே கதைதான்.

ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனமோ, தன் பழைய கூலர்கள் பலவற்றைப் புது சாக்கெட்டில் பொருத்துவதற்கான கிட்டை இலவசமாகவே தந்தது. கூலரையும், புது மதர்போர்டையோ பிராசஸரையோ வாங்கியதற்கான ஆதாரம் இருந்தால் போதும்.

இப்படிப்பட்ட சலுகையும் சர்வீஸும் கைநழுவாமல் இருக்க:

● தெர்மல் தாள் பில் நாளடைவில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படமெடுத்து, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வைப்பது நல்லது.

● அடிப்பக்க ஸ்டிக்கர் தேய்வதற்குள் சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். டெல் லேப்டாப்பில் அதுதான் எழுத்தும் எண்ணும் கலந்த 7 குறிகள் கொண்ட 'சர்வீஸ் டேக்'.

● வாரன்டியில் சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வருவாரா, பொருளை நாம் சுமந்துபோக வேண்டுமா? பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

● உதிரிபாகம் தனியாகக் கிடைக்குமா என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் பாகங்களை விற்பதோடு, கழற்றி மாட்டும் செய்முறையையும் படங்களோடு தருகிறது.

● சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கோப்புகளுக்கு பேக்கப் அவசியம். போனில் புகார் செய்தால், புகார் எண்ணை வாங்காமல் வைக்கக் கூடாது.