பார்வை சரி, பார்ப்பதுதான் சிரமம்

அன்புள்ள முகிலா,

தாத்தாவின் கண்ணாடியைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். தாத்தாவோ பேப்பரில் நாலு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை என்கிறார். 'யார் சொல்வது சரி மாமா?' என்று கேட்டிருந்தாய். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தாத்தாவுக்கு இருக்கும் பார்கின்சன் நோயைக் கைநடுக்கம் என்று மட்டும் நினைப்பதால் வரும் குழப்பம் இது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817இல் ஆறு நோயாளிகளை வைத்து இந்த நோயை முதலில் விவரித்தார். நடுக்கத்தையும் கூன் விழுந்த நடையையும் எழுதியவர், புலன்களுக்குக் கேடில்லை என்றும் சேர்த்து எழுதினார். கண்ணசைவில் வரும் தடுமாற்றம் வெளியே தெரியாது. அதை அளக்கும் கருவியும் அன்றைக்குக் கிடையாது.

கண் தெரிவது ஒன்று. கண்ணை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவது இன்னொன்று. விழித்திரையின் நடுவே ஒரு சிறு குழி இருக்கிறது. எழுத்தைக் கூர்மையாகக் காட்டுவது அதுதான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு இடம் மட்டுமே அதற்குள் அடங்கும். அதனால் கண் நொடிக்கு மூன்று முறைபோலத் தாவிக்கொண்டே இருக்கிறது. உன் தங்கை படிக்கும்போது எதிரே உட்கார்ந்து அவள் கருவிழியைக் கவனி. வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போகாது. தாவும், நிற்கும், மறுபடி தாவும். இதையே கண்ணாடியில் உன் கண்ணில் பார்க்க முயன்றால் ஏமாந்துபோவாய். தாவும் நேரத்தில் வரும் காட்சியை மூளை அடக்கிவிடுகிறது.

இந்தத் தாவலில் இரண்டு வகை. கதவருகே ஏதோ அசைகிறது, கண் தானாக அங்கே போகிறது. இது வெளியிலிருந்து வந்த அழைப்பு. அலமாரியில் சாவியைத் தேடுகிறாய், நீயே முடிவு செய்து கண்ணை ஒவ்வொரு தட்டாக அனுப்புகிறாய். இது உள்ளிருந்து போகும் கட்டளை. பார்கின்சன் நோயில் அதிகம் அடிபடுவது இரண்டாவது வகை.

காரணம் நடுமூளையில் இருக்கிறது. அங்கே சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு கருநிறப் பகுதி. அதன் ஒரு பாகம் டோபமினைச் சுரக்கிறது. இன்னொரு பாகம், கண் தாவலைக் கிளப்பும் நரம்புமேட்டின்மேல் எப்போதும் போட்டு வைத்த கை பிரேக் மாதிரி வேலை செய்கிறது. தேவையான நேரத்தில் பிரேக்கை விட்டால்தான் கண் தாவும். ஹிகோசாகா, வுர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் குரங்குகளிடம் இதைக் கண்டறிந்து 1983இல் வெளியிட்டார்கள். டோபமின் குறைந்தால் பிரேக் முழுதாக விடுபடுவதில்லை. வலுவான அழைப்பு வெளியே இருந்தால் கண் அதை மீறிப் போய்விடும். உள்ளிருந்து போகும் கட்டளைக்கு அந்த வலு போதுவதில்லை.

நரம்பியல் மருத்துவர் சோதிப்பதைப் பார்த்தால் இது விளங்கும். இரண்டு கைகளையும் விரித்து, ஒன்றில் பேனாவும் மற்றொன்றில் விரலுமாகக் காட்டுவார். எது அசைகிறதோ அதைப் பார்க்கச் சொன்னால் நோயாளியின் கண் பெரும்பாலும் சட்டென்று போய்விடும். 'நீங்களாகவே இதையும் அதையும் மாறி மாறிப் பாருங்கள்' என்றால், ஒரே தாவலில் போக வேண்டிய தூரத்தை இரண்டு மூன்று குட்டித் தாவல்களில் கடக்கும். இன்னும் கடினமான சோதனையும் உண்டு: ஒரு பக்கம் வெளிச்சம் தோன்றினால் அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். டொராண்டோவின் பீட்டர் ஹாலெட் 1978இல் கொண்டுவந்தது. நமக்கே சில தடவை தப்பும். பார்கின்சன் உள்ளவர்களுக்கு அடிக்கடி தப்பும், தாமதமும் ஆகும்.

இப்போது தாத்தாவின் பேப்பருக்கு வா. ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தலைக்குப் போவது பெரிய தாவல். அது பாதியில் நின்றால் வரி தப்பிவிடும். படித்ததையே திரும்பப் படிப்பார், அல்லது ஒரு வரியை விட்டுவிடுவார். கிட்டப் பார்க்க இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்ப வேண்டும். அதுவும் இந்த நோயில் தளர்வதால் எழுத்து இரண்டாகத் தெரியலாம். ஒரு கண்ணை மூடியதும் அது ஒன்றாகிவிட்டால் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். பட்டகக் கண்ணாடி உதவக்கூடும். இமைப்பதும் குறைகிறது. அதனால் கண் உலர்ந்து எரியும், எழுத்து மங்கும். தாத்தா உன்னை முறைத்துப் பார்ப்பதாக நினைத்தாயே, அது கோபமில்லை.

ஓர் எச்சரிக்கை. கண்ணைக் கீழே இறக்கவே முடியாமல் போவது, ஆரம்பத்திலேயே அடிக்கடி பின்பக்கமாக விழுவது என்றால் அது பார்கின்சன் போலவே தோன்றும் வேறொரு நோயாக இருக்கலாம். ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்ற மூவர் 1964இல் விவரித்தது. அப்படி எதையாவது கவனித்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீ செய்யக்கூடியவை இருக்கின்றன. படிக்கும் வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்துக் கொடு; வரி முடிந்ததும் அதை இறக்கச் சொல். இடைவெளி விட்டு அச்சடித்த பெரிய எழுத்துப் புத்தகமாகப் பார்த்து எடுத்து வா. மாத்திரை டப்பா, தண்ணீர்ச் செம்பு, செல்போன் மூன்றுக்கும் நிரந்தரமான இடம் வை. வாசற்படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டு. கண்ணுக்கு மட்டுமல்ல, தயங்கி நிற்கும் காலுக்கும் அது அழைப்பாகிவிடும். எதையாவது காட்ட வேண்டுமானால் 'அங்கே பாருங்க' என்று சொல்லிவிட்டுப் போகாதே. அதைத் தொட்டோ அசைத்தோ காட்டு. பார்த்து முடிக்கும்வரை பொறுத்திரு.

'கவனமாப் பாருங்க தாத்தா' என்று வீட்டில் யாராவது சலித்துக்கொண்டால், அவர் கவனமாகத்தான் பார்க்கிறார் என்று நீ எடுத்துச் சொல். இதைப் படித்துப் புரிந்துகொண்டவன் நீ. சொல்ல வேண்டிய பொறுப்பும் உன்னுடையது.

அன்புடன்,
மாமா