காதால் கற்கும் பிள்ளையா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளை, ‘காதால் கேட்டுக் கற்கும் வகை’ என்று ஒரு பயிற்சி முகாமில் சொல்லிவிட்டார்கள். இனி அவளை எப்படிப் படிக்க வைப்பது?
– வாசகி, தென்காசி

பதில்: அந்த முத்திரையை மறந்துவிடுங்கள், அம்மா. அவரவர் கற்கும் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். படிக்கும் முறையைப் பாடம்தான் தீர்மானிக்கும். வேரின் குறுக்குவெட்டை வரைந்து பார்க்க வேண்டும்; கம்பன் பாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்துக் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., வந்தவர்களுக்கெல்லாம் பாட்டைச் சொல்லிச் சொல்லியே கம்பனை ஊட்டினார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பலன் தருவது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுவது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, நினைவுகூர்ந்து எழுதியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். மறுவாசிப்பு தரும் தெம்பு அவ்வளவு சீக்கிரம் கரைகிறது!

இன்று படித்ததை இன்றிரவே உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். நான்கு நாள் கழித்து அதே பாடத்தை மறுபடி கேளுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள், அந்த இடத்தை மட்டும் அவள் புரட்டிப் பார்க்கட்டும்.