திருவல்லிக்கேணியில் அறை தேடுவோருக்கு

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதால், மாணவர்கள் பலர் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறை தேடுகிறார்கள். கடலோரப் பகுதி, தண்ணீர் உப்புக் கரிக்கிறதா, ஜன்னலில் காற்று வருகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது நல்லது. ரசீதும் அவசியம்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு கிடைத்தால் பெரும் பேறு! ஆனால் அதன் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசக் கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவர் உதிரத் தொடங்கும். சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே சரி. ஆணி அடிக்குமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

வைகுண்ட ஏகாதசியன்று பார்த்தசாரதி கோயில் மாடவீதிகளில் பைக் நிறுத்த இடமிருக்காது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டமா? பறக்கும் ரயில்தான் கைகொடுக்கும்.